வயர் இல்லாத கேமரா

எடிசன், நியூ ஜெர்சி
11-1-1998

அன்புள்ள அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் கிச்சாவின் நமஸ்காரங்கள். குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் இருவரின் க்ஷேமத்துக்கும் எழுதவும்.

ஆடித் தள்ளுபடியில் வாஷிங் மெஷின் வாங்கப் போவதாகவும், அதை வைக்க நம் பழைய கம்ப்யூட்டரை மூலையிலிருந்து கிளப்ப வேண்டும் என்றும் அத்திம்பேர் எழுதியிருந்தார். நியாயம்தான். ஒன்பது வருஷத்து மெஷினை இனி யாராவது சும்மா தூக்கிக்கொண்டு போனாலே புண்ணியம். ஆனாலும் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அக்கா, உன் முதல் வருஷ சம்பளம் முழுக்க அதில்தான் போயிற்று. மயிலாப்பூர் வீட்டில் உன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துதான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டிலிருந்து நமக்கென்று மிஞ்சியதும் அது ஒன்றுதான்.

அதனால் ஒரு பைத்தியக்கார ஆசை. என்னோடு வேலை செய்யும் டில்லிபாபு லீவில் சென்னை வருகிறான். அவனிடம் என் வீடியோ கேமராவையும் நாலு டேப்பையும் கொடுத்தனுப்புகிறேன். கீபோர்டு, பிரிண்டர், மானிட்டர் என்று ஒவ்வொன்றையும் படமெடுத்து, அதற்கு விடை கொடுக்கிற மாதிரி நாலு வார்த்தை பேசி அனுப்பு. ஊருக்கு வந்து பார்க்க முடியாத தம்பிக்காக இதைச் செய். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அது எரிகிறவரை படமும் சத்தமும் பதிவாகும். அவ்வளவுதான் வித்தை.

இப்படிக்கு,
கிச்சா


தி. நகர்
8-2-1998

சிரஞ்சீவி கிச்சாவுக்கு ஹம்சினியின் அநேக ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் க்ஷேமம். நீ ஸ்வெட்டர் போடாமல் வெளியே திரிகிறாயா என்பதை மட்டும் ஒளிக்காமல் எழுது.

கேமரா பத்திரமாக வந்தது. டிவியில் மாட்டுகிற வயரை வைக்க மறந்துவிட்டாயே. அந்தக் குட்டி டேப் இங்கே உள்ள வீடியோ பெட்டி எதிலும் நுழையாது. கேமராவின் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தால் எடுத்தது பொம்மை மாதிரி ஓடுகிறது, சத்தம் வருவதில்லை. அத்திம்பேர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு விலை என்றார்.

ஒரு சேதி. ஜனவரியோடு வேலையை விட்டுவிட்டேன். நானாகத்தான் விட்டேன். அடையாறுக்கு தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வர உடம்பு ஒத்துழைக்கவில்லை. நீ வருத்தப்படாதே. உன் கடிதத்தை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். இதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஒட்டி, தானே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தபாலாபீஸ் அலைச்சல் மிச்சம்.

முதல் டேப்பில் கீபோர்டு. நீ மோர் கொட்டிய நாளிலிருந்து எண்டர் விசை அழுத்தினால் உள்ளேயே தங்கிவிடுகிறதே, அதையும் காட்டியிருக்கிறேன். இவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பத்து நிமிஷமும் உன் விரலும் கட்டையும்தானே என்று சிரித்தார். நீயாவது பாதியில் நிறுத்தாமல் முழுக்கக் கேள்.

அன்புடன்,
அக்கா


எடிசன்
26-2-1998

அன்புள்ள ஷரஃபுதீன் பாய்க்கு,

ரிச்சி தெருவில் உங்கள் கடை நன்றாக நடக்கும், வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். என்னை நினைவிருக்கிறதா? 1989-ல் மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் ஹம்சினி என்ற பெண்ணுக்கு நீங்கள் ஒரு கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுத்தீர்கள். மறுநாளே கீபோர்டில் மோர் கொட்டி உங்களை ஓடிவர வைத்த தம்பி நான்தான்.

பாய், எனக்கு அங்கே நம்பிச் சொல்ல வேறு ஆள் இல்லை. அக்காவிடம் பழைய கம்ப்யூட்டருக்கு விடை கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். டேப் வந்தது. இங்கே ஒரு நண்பனின் கேமராவில் போட்டுப் பார்த்தேன். படத்தில் கீபோர்டு மட்டும்தான். ஆனால் குரல் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கிச்சா, லெட்டர்ல எதுவும் எழுத முடியாது. அவர் படிச்சுட்டுத்தான் ஒட்டறார். இந்த டேப்ல அவருக்குப் படம் மட்டும்தான் தெரியறது, அதனால இதுல சொல்றேன். வேலைய நான் விடலே. ராஜினாமா லெட்டர அவரே எழுதிண்டு வந்து கையெழுத்துப் போடுன்னார். சர்ட்டிபிகேட்டெல்லாம் பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவியப் பூணூல்ல முடிஞ்சுண்டிருக்கார். ஆபீஸ் போறச்சே வாசல் கிரில்ல வெளிப்பக்கமாப் பூட்டிண்டு போறார். அடிக்கலே, திட்டலே. ரொம்ப மரியாதையாத்தான் பூட்டறார். அழாம கேளு."

நான் அழாமல் கேட்கவில்லை. போன் செய்யலாம் என்றால் அது அவர் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ள விலை பேசுகிற சாக்கில் ஒருமுறை போய்ப் பார்ப்பீர்களா? விலாசம் பின்பக்கம்.

உங்கள்
கிச்சா


சென்னை-2
22-3-1998

அன்புத் தம்பி கிச்சாவுக்கு ஷரஃபுதீன் எழுதுவது. இறைவன் கருணையால் இங்கு நலம், உன் நலத்துக்கும் துவா செய்கிறேன். மோரை யாராவது மறப்பார்களா? அதைத் துடைக்க எனக்கு அரை நாள் ஆயிற்று.

போன செவ்வாய் பகல் பதினோரு மணிக்குப் போனேன். இரண்டாவது மாடி. பெல் அடித்ததும் அக்கா உள்ளேயிருந்து வந்தார். கிரில்லுக்கு வெளியே பூட்டு. "இன்னாம்மா இது, ஆள உள்ள வெச்சுப் பூட்டு தொங்கினுகீது?" என்று கேட்டேவிட்டேன். திருட்டு பயமாம். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

இதை அறுக்க எனக்கு ரெண்டு நிமிஷம் போதும் என்றேன். அக்கா தலையை ஆட்டினார். "சர்ட்டிபிகேட் இல்லாம வெளில வந்தா எனக்கு யார் பாய் வேலை குடுப்பா? ஒரு வாரம் யாராவது சோறு போடுவா. அப்புறம் என்னைச் சமாதானம் பண்ணி இங்கேயே கொண்டுவந்து விட்டுடுவா." பிறகு கம்ப்யூட்டரின் பெட்டிக்குள் காலியிடம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் இரண்டு விரல் பருமனுக்கு ஒரு ஃபைல் நிற்கும் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை, புரிந்துவிட்டது. என் ஸ்க்ரூ டிரைவரைக் கம்பி வழியாகக் கொடுத்தேன். அரிசி டின்னில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போனேன். உன் அத்திம்பேர் உட்காரச் சொல்லி டிகிரி காப்பி கொடுத்தார். புது மெஷின் வருகிற அன்றுதான் பழசு போக வேண்டும், அதுவரை மூலை காலியாகக் கிடக்கக் கூடாது என்றார். ஆடி வரை பொறுக்கத்தான் வேண்டும்.

உன் நலம் விரும்பும்
ஷரஃபுதீன்


தி. நகர்
19-4-1998

சிரஞ்சீவி கிச்சாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இருவரும் க்ஷேமம். உன் இருமல் நின்றதா?

இங்கே வெயில் கொளுத்துகிறது. பகலில் ஜன்னலைத் திறந்தால் அனல், சாத்தினால் புழுக்கம். திறப்பதும் சாத்துவதுமாகப் பொழுது போகிறது. வேலை விட்டதால் நன்றாக ஓய்வெடுக்கிறேன்.

இரண்டாவது டேப்பில் பிரிண்டர். அதை ஓடவிட்டே எடுத்தேன். அது கத்துகிற கத்தலில் மயிலாப்பூரில் கீழ் வீட்டு மாமி மாடியேறி வந்து சண்டை போட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டு பக்கம் அடித்து முடித்துத்தான் ஓய்ந்தது. மை தீர்ந்துபோன ரிப்பன், ஆதலால் தாளில் ஒன்றும் விழவில்லை. ஆனாலும் ஒரு வரி விடாமல் அடித்தது, பாவம்.

அன்புடன்,
அக்கா

பி.கு: சி. கிச்சாவுக்கு சுவாமிநாதன் ஆசீர்வாதம். ஹம்சினி தனியாக மணிக்கணக்கில் கேமராவோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அப்படி என்னதான் பேசுகிறாள் என்று டிவியில் போட்டுக் கேட்க எனக்கும் ஆசை. வயரை உடனே அனுப்பி வைக்கவும்.


எடிசன்
8-5-1998

அன்புள்ள அத்திம்பேருக்குக் கிச்சாவின் அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம். வெயிலில் உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளவும்.

வயர் விஷயம். விசாரித்தேன். அமெரிக்கக் கேமராவும் நம் ஊர் டிவியும் வேறு வேறு ஜாதியாம், மாட்டினாலும் ஒத்துவராது என்கிறார்கள். உங்களுக்கு வீண் சிரமம் எதற்கு என்று அனுப்பவில்லை. தவறாக நினைக்க வேண்டாம். அக்கா பேசுவதெல்லாம் சின்ன வயசுக் கதைதான், உங்களுக்குப் போர் அடிக்கும். நான் அங்கே வரும்போது எல்லோருமாகப் பார்க்கலாம்.

அக்காவுக்கு: பிரிண்டரை முழுக்கக் கேட்டேன். அவசரம் வேண்டாம், ஒவ்வொரு தாளாக வரட்டும்.

பணிவன்புடன்,
கிச்சா


எடிசன்
10-5-1998

அன்புள்ள ஷரஃபுதீன் பாய்க்கு, நலம்தானே? அத்திம்பேர் வயர் கேட்டு எழுதியிருக்கிறார். அது என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. மறந்துபோய் வைக்காமல் விட்ட வயர்தான் இன்றைக்கு அக்காவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஏதோ பொய் எழுதி அனுப்பியிருக்கிறேன். நம்பினாரா தெரியவில்லை.

இரண்டாவது டேப் எடுக்கும்போது அவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். குரல் அவர் காதில் விழக் கூடாது என்று பிரிண்டரை ஓடவிட்டுப் பேசியிருக்கிறாள். பத்து முறை போட்டுக் கேட்டுத்தான் புரிந்தது.

விஷயம் இதுதான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மட்டும் அவர் சாவியைக் கழற்றி அலமாரி மேல் வைக்கிறார், எண்ணெய்ப் பிசுக்கு ஏறக்கூடாது என்று. சுமார் இருபது நிமிஷம். ஏழு சர்ட்டிபிகேட் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்தால் ஃபைல் மெலிந்துவிடும். சனிக்கு ஒன்றாக எடுத்து, அந்த இடத்தில் அதே அளவுக்கு வேறு தாளை மடித்து வைக்கப் போகிறாளாம். எடுத்தது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போகும். பெட்டி உங்களோடு வெளியே வரும்.

அடையாறில் இன்னொரு கம்பெனியில் பேசிவிட்டேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் பழைய ப்ரோகிராம்களெல்லாம் தேதி தெரியாமல் உளறும் என்று உலகமே பயந்து கிடக்கிறது. அவற்றைத் திருத்தப் பழைய மொழி தெரிந்தவர்கள் வேண்டும். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். அசல் சர்ட்டிபிகேட்டோடு ஜூலை முடிவதற்குள் நேரில் வந்தால் எடுத்துக்கொள்வார்கள். திருவான்மியூரில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் டில்லிபாபு இடம் சொல்லி வைத்திருக்கிறான். இதையெல்லாம் எப்படியாவது அவள் காதில் போடுங்கள் பாய்.

உங்கள்
கிச்சா


தி. நகர்
28-6-1998

சிரஞ்சீவி கிச்சாவுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம். உன்னிடமிருந்து ஒரு மாதமாக வரி இல்லை, உடம்பு சரிதானே?

ரிச்சி தெரு பாய் போன வாரம் பிரிண்டரைப் பார்க்க வந்தார். விவரமெல்லாம் சொன்னார். ஜூலை 26 ஞாயிற்றுக்கிழமை புது மெஷின் வருகிறது, அன்று காலையே பழசை எடுத்துப் போவார். அத்திம்பேருக்கு சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நன்றாக ஒத்துக்கொள்கிறது. ஒரு வாரம் ஜுரம் என்று நிறுத்தினார், எனக்குத்தான் கவலையாகிவிட்டது. மறுவாரம் குளித்துவிட்டார். இன்னும் இரண்டு சனிக்கிழமை போனால் கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைத்து மூடிவிடலாம்.

மூன்றாவது டேப்பில் மானிட்டர். அணைத்த பிறகு அந்தப் பச்சைப் புள்ளி நடுவில் கொஞ்ச நேரம் நின்று போகுமே, அதை எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

கிச்சா, மெஷின் போய்விடும், அது நிச்சயம். அதை விட்டுவிட்டு இருக்க என்னால் முடியுமா என்றுதான் தெரியவில்லை. பகலில் அந்த மூலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து வருஷம் ஒரே இடத்தில் இருந்த சாமான் பாரு, நகர்த்தினால் கீழே தரையெல்லாம் தடம் விழுந்து கிடக்கிறது.

அக்கா


தி. நகர்
30-7-1998

சி. கிச்சாவுக்கு சுவாமிநாதன் ஆசீர்வாதம். க்ஷேமம் என்று எழுத இந்த முறை எனக்குக் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு உன் தமக்கை என்னைவிட்டுப் போய்விட்டாள். ஒரு சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவளுக்காகத்தான் வாஷிங் மெஷினே வாங்கினேன். அடையாறில் வேலையில் சேர்ந்திருப்பதாக ஒரு கார்டு மட்டும் வந்தது. பீரோவில் அவளுடைய ஃபைல் வைத்த மாதிரியே இருந்தது. பிரித்தால் உள்ளே அத்தனையும் வெற்றுப் பிரிண்டர் காகிதம். ஐந்து வருஷம் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியிருக்கிறேனா? நீயே சொல்.

இத்துடன் கேமராவிலிருந்த கடைசி டேப்பை அனுப்புகிறேன். கண்ணாடியில் பலமுறை பார்த்துவிட்டேன். புது மெஷினைத் தூக்கி வருகிற ஆட்களுக்கு வழி சொல்ல நான் கீழே போயிருந்தபோது, காலி மூலையில் உட்கார்ந்து, கேமராவைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு ஆறு நிமிஷம் பேசுகிறாள். முகம் நன்றாகத் தெரிகிறது. உதடு அசைகிறது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. என் பெயரைச் சொல்லுகிற மாதிரி ஓர் இடம் வருகிறது.

கடைக்காரனிடம் கொண்டுபோய் வீட்டு விஷயத்தை அம்பலத்தில் வைக்க எனக்கு இஷ்டமில்லை. நீ கேட்டுவிட்டு, அவள் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பு. இதை உன்னிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

சுவாமிநாதன்


திருவான்மியூர்
2-8-1998

என் கிச்சாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். நான் க்ஷேமம். இதை யாரும் படித்துப் பார்க்கவில்லை, நானே ஒட்டி நானே தபாலில் போடப் போகிறேன்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். ஏழு சர்ட்டிபிகேட்டும் ஒரு மடிப்பு இல்லாமல் வந்து சேர்ந்தன. ஷரஃபுதீன் பாய் பெட்டியைத் தன் கடையில் வைத்திருக்கிறார், விற்க மாட்டாராம். இந்த விடுதியிலும் எட்டு மணிக்கு வாசல் கதவைப் பூட்டுகிறார்கள். எனக்கும் ஒரு சாவி கொடுத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

நடந்ததைக் கேள். காலையில் பாய் வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போனார். பனகல் பார்க் ஓரமாக ஆட்டோவோடு நிற்பேன் என்று சொல்லியிருந்தார். பதினோரு மணிக்குப் புது மெஷின் லாரியில் வந்தது. இவர் கீழே போனார். அப்போதும் பூட்டிக்கொண்டுதான் போனார். அந்த ஆறு நிமிஷத்தில் மிச்சமிருந்த சாமான்களுக்கு விடை கொடுத்தேன். காலி மூலைக்கு, பீரோவுக்கு, வாசல் கிரில்லுக்கு. கடைசியில் அவருக்கு. திட்டவில்லை கிச்சா. "நான் இங்க ஒரு நாளும் க்ஷேமமா இல்லே. நீங்களே படிச்சுட்டுத்தானே ஒட்டினேள், ஒரு தடவையாவது இது நெஜமான்னு கேட்டேளா?" என்றேன். அதைத்தான் மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

ஆட்கள் மெஷினை வைத்துவிட்டு அட்டைப்பெட்டியோடு இறங்க ஆரம்பித்தார்கள். கிரில் திறந்து கிடந்தது. புது மெஷினோடு தன்னைப் படமெடுக்கச் சொன்னார். நம் மனிதர்களுக்கு வீடியோ என்றாலும் போட்டோ ஸ்டூடியோ ஞாபகம்தான். மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, ஒரு கையை மெஷின் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேமராவை ஜன்னல் மேடையில் வைத்து, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். "அப்படியே நில்லுங்கோ" என்றேன். நின்றார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அட்டைப்பெட்டிக்காரர்கள் பின்னாலேயே இறங்கிவிட்டேன். படியில் கால் இரண்டு முறை நின்றது. ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பேனோ என்னவோ. படம் கெட்டுவிடும் என்று அவர் கூப்பிடவில்லை.

அந்தக் கடைசி டேப் உனக்காக எடுத்ததில்லை. நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, கேமரா உட்பட. உன் கேமரா போனதற்கு மன்னித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


எடிசன்
20-8-1998

அத்திம்பேருக்குக் கிச்சாவின் நமஸ்காரம். நான் சௌக்கியம். அக்காவும் க்ஷேமம் என்று எழுதியிருக்கிறாள். இந்த முறை நம்புகிறேன்.

டேப் வந்தது. பேச்சு முடிந்த பிறகு மெஷின் பக்கத்தில் நீங்கள் நாலு நிமிஷம் சிரித்தபடி நிற்பதையும் பார்த்தேன்.

அவள் சொன்னதை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அது என்னால் ஆகாது. அவள் பேச்சை இன்னொருவர் வாங்கிப் படித்து அடுத்தவருக்குச் சொன்னது இத்தனை வருஷம் போதும். ஆகையால் டேப்பையே திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் கேட்ட வயரும் இதே பார்சலில் இருக்கிறது. கேமராவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் டிவிக்கு ஒத்துவராது என்று மே மாதம் எழுதியது பாதிதான் உண்மை. மஞ்சள் முனை படத்துக்கு. அதை மாட்டினாலும் கோடு கோடாக ஓடும், அவள் முகம் தெரியாது. வெள்ளை முனையை மாட்டுங்கள். சத்தம் தெளிவாகக் கேட்கும்.

கிச்சா